கையேடு சொல்வதையே கருவி செய்ய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெர்மினலில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை பார்ப்பவர்களுக்குத் திரையில் பொத்தானும் இல்லை, பட்டியலும் இல்லை. கட்டளையோடு சேர்க்கும் எந்த ஆப்ஷன் என்ன செய்யும் என்பதைக் கையேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கையேடு ஒன்று சொல்ல, கருவி வேறொன்று செய்தால், அதையும் நிரலின் பிழையாகவே கொண்டு திருத்த வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதம்.

லினக்ஸ் இயங்குதளத்தைக் கற்றுத்தரும் நான் வகுப்பில் அடிக்கடி காண்பது இது. ‘டைம்’ கட்டளைக்கான கையேட்டுப் பக்கம், ‘-வி’ என்று சேர்த்தால் ஒரு நிரல் எடுத்துக்கொண்ட நேரத்தோடு அதிகபட்சமாகப் பயன்படுத்திய நினைவகத்தையும் காட்டும் என்கிறது. மாணவர் அப்படியே தட்டச்சு செய்கிறார். ‘-வி’ என்றொரு கட்டளையே இல்லை என்று பதில் வருகிறது. கையேடு விளக்குவது தனி நிரலாக இருக்கும் டைமை. ஓடியதோ, நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஷெல் என்ற நிரல் தனக்குள் வைத்திருக்கும் டைம். கொடுத்த சொற்களைத் திரையில் எழுதிக் காட்டும் ‘எக்கோ’ கட்டளையும் அப்படியே: ‘--ஹெல்ப்’ கொடுத்தால் உதவிக்குறிப்பு வரும் என்று கையேட்டில் இருக்க, பாஷில் அது ‘--ஹெல்ப்’ என்ற சொல்லையே திரையில் எழுதிவிட்டு முடிந்துவிடுகிறது. ஷெல்லில் இதே பெயரில் வேறொன்று இருக்கலாம் என்ற எச்சரிக்கை எக்கோவின் பக்கத்தில் உண்டு. ஆனால் ஆப்ஷன்களுக்கெல்லாம் கீழே இருப்பதால் அதுவரை படிப்பவர் குறைவு. தவறு தன்னுடையதுதான் என்று நினைத்து மாணவர் கேள்வி கேட்கவே தயங்குவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், ‘அழிக்க வேண்டியவற்றைக் காட்ட மட்டும் செய்யும்’ என்று குறிப்பில் எழுதியிருந்த ஓர் ஆப்ஷன், பின்னர் வந்த பதிப்பில் கோப்புகளை உண்மையிலேயே அழித்துவிட்டது. நிரலை மாற்றியவர் குறிப்பை மாற்றவில்லை.

கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1971 நவம்பரில் தாங்கள் உருவாக்கிய யுனிக்ஸ் இயங்குதளத்துக்கு வெளியிட்ட கையேட்டிலேயே, கருவியின் குறைகளைச் சொல்வதற்கென்று ‘பக்ஸ்’ என்ற பகுதி இருந்தது. அந்த நேர்மை இன்றும் வேண்டும். செயல்பாட்டை மாற்றும் எந்தத் திருத்தத்தையும், கையேட்டில் உரிய மாற்றம் இல்லாமல் ஏற்கக் கூடாது. கையேட்டில் உள்ள எடுத்துக்காட்டுகளைச் சோதனையின்போது இயக்கிப் பார்க்க வேண்டும்.

பயன்படுத்துவோரும் முரண்பாட்டைக் கண்டால், பதிப்பு எண்ணையும், கையேட்டின் வரியையும், திரையில் வந்ததையும் அப்படியே சேர்த்து, அந்தக் கருவியைப் பராமரிப்பவர்களுக்கு எழுத வேண்டும். எழுதுவதற்கு முன், ஓடியது எந்த எக்கோ என்பதை ‘டைப் எக்கோ’ என்று ஷெல்லிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
லினக்ஸ் பயிற்றுநர் ஒருவர்