மதிலுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுபடி நீயே உன் கையால் எழுதியிருப்பதைப் பார்த்ததும்தான் நிம்மதி வந்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்ட சேதியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

உடனே பதில் போட முடியவில்லை. எங்கள் குடியிருப்பின் மேற்கு மதிலை ஒட்டிப் பழைய அடுக்குமாடி வீடுகள் உண்டே, நீ வந்தபோது மொட்டை மாடியிலிருந்து காட்டினேன். அவற்றையும் பின்னாலிருக்கும் கிடங்குகளையும் இடித்துவிட்டு, 40 மாடியில் ஐந்து கட்டடங்கள் எழுப்பப் போகிறார்கள். அடியில் மூன்று தளம் வண்டி நிறுத்த. இங்கே இப்போது வேறு பேச்சே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை விளக்கக் கூட்டம் வைத்தார்கள். மேசை மேல் கட்டடங்களின் சின்ன மாதிரி வடிவம் ஒன்று. பஞ்சில் செய்த மரங்கள், நீலக் கண்ணாடியில் குளம், குட்டிக் குட்டி மனிதர்கள். எங்கள் வீடுகளை ஓரமாக வெள்ளைக் கட்டைகளாக வைத்திருந்தார்கள். என் வீட்டுக் கட்டையின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன், நகத்தளவுகூட இல்லை. பழைய வீடுகளில் இன்றைக்கும் குடியிருக்கிறவர்களுக்கு அதில் கட்டைகூட இல்லை.

எங்கள் ஆட்கள் முதலில் கேட்டதெல்லாம் வீட்டு விலை ஏறுமா இறங்குமா என்பதுதான். எனக்கு அது பெரிய கவலையில்லை. நிழலை எடுத்துக்கொள். 40 மாடி என்றால் சுமார் 120 மீட்டர். சூரியன் 45 பாகையில் இருக்கும்போது நிழலும் அதே நீளம். 30 பாகைக்கு இறங்கினால் 200 மீட்டரைத் தாண்டிவிடும். மேற்கே நிற்கும் கட்டடம், சாயங்கால வெயில் முழுக்கப் போய்விடும். இதை நானே தாளில் போட்டுப் பார்த்தேன். கூட்டத்தில் நிழல் படம் கேட்டபோது, உச்சிவேளைப் படம் ஒன்றை மட்டும் காட்டினார்கள்.

அப்புறம் அடித்தளம். இதைத்தான் உன்னிடம் முக்கியமாகப் பேச வேண்டும். மூன்று தளம் தோண்டும்போது ஊறும் தண்ணீரை இரவும் பகலும் இறைப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் இறங்கினால் களிமண் இறுகி மேலேயுள்ள வீடுகள் அமிழும், அதுவும் ஒரே சீராக அமிழாது என்று நீதான் எனக்கு ஒருமுறை சொன்னாய். எங்கள் வீடுகளுக்கு ஆழமான அஸ்திவாரம் கிடையாது. சமையலறைச் சுவரில் பழைய விரிசல் ஒன்று இருக்கிறது. அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டியிருக்கிறேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். இப்போது தெருவில் பதினொரு வீட்டில் இப்படி ஒட்டியாகிவிட்டது. வேலை தொடங்கும் முன்பே வீடுவீடாகப் படமெடுத்துப் பதிவு செய்துவிட வேண்டும். பிறகு போய் நின்றால், அது முன்பே இருந்த விரிசல் என்று சொல்லிவிடுவார்கள்.

கட்டுமான வேலையால் வரும் அதிர்வைப் பற்றியும் படித்தேன். டிஐஎன் 4150 என்ற ஜெர்மன் தரநிலை, சாதாரண வீடுகளின் அஸ்திவாரத்தில் குறைந்த அதிர்வெண்ணில் அதிர்வின் வேகம் விநாடிக்கு 5 மில்லிமீட்டர் என்று வரம்பு வைக்கிறது. நம் உடம்போ விநாடிக்கு 0.3 மில்லிமீட்டரிலேயே உணர்ந்துவிடும். அதனால் பாத்திரம் கிணுகிணுத்ததும் வீடு விழப்போகிறது என்று பயப்பட வேண்டாம் என்று பக்கத்து வீட்டு அம்மாவுக்கு விளக்கினேன். ஆனால் கருவி வைத்து அளந்து, அந்தக் கணக்கை எங்களுக்கும் தினமும் தர வேண்டும். இதை எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

எனக்கு உண்மையில் கோபம் வேறு. கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஜனங்களுக்கு வீடு வேண்டும்தானே. எல்லாம் முடிவான பிறகு கருத்துக் கேட்க வந்திருக்கிறார்கள். 1998-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்தில் பல நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம், எல்லா வழிகளும் திறந்திருக்கும்போதே மக்களைக் கலந்து பேச வேண்டும் என்கிறது. அது எங்களைக் கட்டுப்படுத்துகிறதோ இல்லையோ, நியாயம் எங்கும் ஒன்றுதான்.

எங்களையாவது நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கத்து வாடகைக்காரர்களை யாரும் கூப்பிடவே இல்லை. என் சட்டைக்கெல்லாம் பொத்தான் தைத்துத் தரும் தையல்காரர் இருபது வருஷமாக அங்கேதான் இருக்கிறார். "எப்போ காலி பண்ணணும்னு உங்க கூட்டத்துல சொன்னாங்களா சார்?" என்று என்னிடம் கேட்டார். என்ன சொல்வேன் சொல். அடுத்த மனுவில் அவர்கள் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று சங்கத்தில் பேசினேன். அது வேறு விவகாரம் என்றார்கள் சிலர். இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள். நாளை நானும் இன்னும் இருவரும் அங்கே வீடுவீடாகப் போகிறோம்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மண் பரிசோதனை அறிக்கையின் நகல் கிடைத்திருக்கிறது, இத்துடன் வைத்திருக்கிறேன். முப்பது வருஷம் அஸ்திவாரத்தோடு மல்லாடியவன் நீ. எந்த ஆழத்தில் களிமண், தண்ணீர் எங்கே நிற்கிறது, தோண்டும் முன் சுற்றிலும் தடுப்புச் சுவர் எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும் என்று பார்த்துச் சொல். கண்ணைச் சிரமப்படுத்தாதே, மகளை வாசிக்கச் சொல்லிக் கேள். மண்ணுக்குள் அஸ்திவாரத் தூண் இறக்கும் பெரிய பைலிங் இயந்திரம் அடுத்த மாதம் வரும் என்கிறார்கள். அதற்குள் எழுதினால் மனுவில் சேர்த்துவிடுவேன்.

கண்ணாடித் துண்டு இன்று காலை வரை முழுசாக இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்