புதுக்குடி மக்களுக்கு ஒரு நன்றி மடல்

ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தை அடுத்த புதுக்குடி ஊர்ப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், இளைஞர்களுக்கும், அன்றிரவு பணியில் இருந்த ரயில்வே ஊழியர்களுக்கும், எங்களை மீட்டு அனுப்பிய பேரிடர் மீட்புப் படையினருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள், இரவு 8.25 மணிக்குத் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸில் இருந்த சுமார் 800 பயணிகளில் அம்மா, மனைவி, மூன்று வயது மகள், நான் என நாங்கள் நான்கு பேர். மகளுக்கு முடியிறக்கும் நேர்த்திக்கடனை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். இரண்டு வாரத்துக்கு முன்புதான் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் வேளச்சேரி வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நல்லவேளை, இரண்டு நாளாவது தண்ணீரைப் பார்க்காமல் இருக்கலாம் என்று ஊரிலிருந்து கிளம்பும்போது மனைவியிடம் நான் சொன்னதை, அவர் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

முதல் நன்றியை ஒரு மன்னிப்போடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கொட்டும் மழையில் ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்று, ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமாகி, நள்ளிரவும் கடந்தபோது, நிலைய அதிகாரியைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன். அவர் எங்களிடம் பதிலுக்குக் குரல் உயர்த்தவில்லை, வண்டியை அனுப்பவும் இல்லை. செய்துங்கநல்லூர் பக்கம் ஜல்லி முழுவதும் அரித்துக்கொண்டு போய், தண்டவாளம் சிலீப்பர் கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கிய படத்தைப் பிறகு பார்த்தபோதுதான், நாங்கள் எதற்காக அவரிடம் சண்டை போட்டோம் என்பது உறைத்தது. ஐயா, அன்று நீங்கள் எங்கள் பேச்சைக் கேட்காமல் இருந்ததற்கு நன்றி.

விடிந்தபோது நிலையத்தைச் சுற்றிலும் செம்மண் நிறத்தில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். சுமார் 300 பேரை அருகிலிருந்த பள்ளிக்கு அழைத்துச் சென்றார்கள். அதற்குள் சாலையும் துண்டிக்கப்பட்டதால் மீதிப் பேர் வண்டியிலேயே தங்கினோம். மின்சாரம் இல்லை, கைபேசி அணைந்துவிட்டது. எங்கள் பையில் இரண்டு பிஸ்கட் பாக்கெட் இருந்தன. எதிர் இருக்கையில் ஒரு குழந்தை பசியில் அழுதது. அம்மா என்னைப் பார்த்தார். நான் பையைத் திறக்கவில்லை. அம்மாவுக்கு இன்சுலின் போட வேண்டும், போட்டால் சாப்பிட ஏதாவது வேண்டும் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். கணக்கு சரிதான், ஆனால் அந்தக் குழந்தையின் முகத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். உங்கள் தெருக்களிலும் தண்ணீர். உங்களுக்கும் மின்சாரமில்லை, கடையில்லை, அடுத்த மூட்டை அரிசி எப்போது வரும் என்று தெரியாது. அப்படியிருந்தும் வீட்டுக்கு வீடு இருந்த அரிசியையும் பருப்பையும் கோயிலுக்குக் கொண்டுவந்து, அங்கேயே அடுப்பு மூட்டி, நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைத்தீர்கள். யார் எந்த ஊர், என்ன ஆள் என்று ஒருவரும் கேட்கவில்லை. குழந்தைகளுக்குப் பால் இருக்கிறதா என்று மட்டும் கேட்டீர்கள். ஈர விறகின் புகைவாடை ஏறிய அந்தச் சோற்றையும் ரசத்தையும் என் மகள் அன்று ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். வீட்டில் அவளுக்கு ஊட்டுவதற்கு நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அன்று மாலை அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. நெற்றியெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறத் தொடங்கியபோது என் மனைவி நடைமேடையில் இறங்கிக் கத்தினார். சோறு கொண்டுவந்திருந்த உங்கள் ஊர் அக்கா ஒருவர், என்ன ஏது என்று கேட்டுக்கொண்டிருக்காமல் நனைந்த சேலையோடு ஓடிப்போய், கருப்பட்டியைத் தட்டிப்போட்டுக் கரைத்த வெந்நீரை ஒரு சின்னத் தூக்குவாளியில் கொண்டுவந்தார். "இத மொதல்ல குடிங்க ஆச்சி, பொறவு பேசலாம்" என்று அம்மாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு மடக்கு மடக்காகப் புகட்டினார். கால் மணி நேரத்தில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "பாப்பா சாப்பிட்டாளா?" என்று கேட்டார். அந்த அக்காவின் பெயரை எங்களில் யாருமே கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

19ஆம் தேதி மீட்புப் படையினர் கைப்பிடித்து நடத்திச்சென்று, வெள்ளூரிலிருந்து பேருந்தில் ஏற்றி, வாஞ்சி மணியாச்சியில் சிறப்பு ரயிலில் சேர்த்தார்கள். என் அம்மாவைப் பாதி வழி முதுகில் சுமந்த வீரருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறெதுவும் தெரியாது. ஆனாலும் வழி நெடுக அவரிடம் ஏதோ பேசிக்கொண்டே போனார்.

மகள் இப்போது எல்.கே.ஜி. போகிறாள். காலையில் ஷூ ஒன்று காணாமல் போகும், குக்கர் விசில் அடிக்கும், அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார், நான் குறைக்கச் சொல்வேன். முன்பெல்லாம் இந்தக் களேபரத்திலிருந்து தப்பிக்க அரை மணி நேரம் முன்னதாகவே அலுவலகம் கிளம்பிவிடுவேன். இப்போது ஷூவைத் தேடிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். அலுவலகத்தில் இது ஒரு கெட்ட பழக்கமாகக் குறித்துவைக்கப்பட்டிருக்கிறது.

கடைசியாக ஒரு செய்தி. அந்த அக்காவின் தூக்குவாளி அன்றைய பரபரப்பில் எங்கள் பையோடு சென்னைக்கு வந்துவிட்டது. எவர்சில்வர் வாளி, மூடியில் லேசான நசுங்கல், அடியில் 'மூ. செ.' என்று பெயர் வெட்டியிருக்கிறது. பாத்திரத்தை அடையாளம் தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லிவையுங்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் நால்வரும் வருகிறோம். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஆகவே அதில் என்ன வைத்துக் கொடுப்பது என்று அவருக்கும் என் மனைவிக்கும் இப்போதே வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. அதிரசம் என்கிறார் அம்மா.

என்றும் நன்றியுடன்,
செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த வேளச்சேரிக் குடும்பம்