‘லீவ்’ என்பது போவதல்ல, விடுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பக்கத்தில் லீவ், டிபார்ட், குவிட், எக்ஸிட், வெக்கேட், அபேண்டன் என்று ஆறு வினைச்சொற்களை வரிசையாகப் போட்டு, ஆறுக்கும் சேர்த்து ‘வெளியேறு’ என்று ஒரே பொருள் கொடுத்திருந்தீர்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறவருக்கு அது போதும். ஓசூர் சிப்காட்டில் வேலைக்கு எழுதிப் போடுகிறவருக்கும், பெங்களூரு அலுவலகத்துக்குத் தினமும் மின்னஞ்சல் அனுப்புகிறவருக்கும் போதாது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் வாக்கியம் நொண்டும். சில இடத்தில் பொருளே மாறிவிடும்.

லீவ் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இதை ‘போ’ என்று மனத்தில் பதித்துக்கொள்வதால்தான் பாதித் தவறு வருகிறது. பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு ‘இருக்கட்டும் என்று விட்டுவை’ என்பதுதான் பொருள். ‘கிளம்பிப் போ’ என்பது பின்னால் வந்து சேர்ந்தது. ஆகவே தமிழில் இதற்கு நேர்ச் சொல் ‘விடு’. நாம் ‘தருமபுரியை விட்டு’ என்கிறோமே தவிர, ‘தருமபுரியிலிருந்து விட்டு’ என்று சொல்வதில்லை. அங்கேயும் அதே கணக்கு: ‘ஐ லெஃப்ட் தருமபுரி’. நடுவில் ‘ஃப்ரம்’ கிடையாது. ‘ஐ லெஃப்ட் ஃப்ரம் ஆபீஸ்’ என்று எழுதக் கை போனால், ‘ஆபீஸை விட்டு’ என்று ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தால் ஃப்ரம் தானாக உதிர்ந்துவிடும். வண்டி எங்கிருந்து எடுப்பார்கள் என்று சொல்லும்போது மட்டும் அது வரலாம்: ‘த சேலம் பஸ் லீவ்ஸ் ஃப்ரம் பிளாட்ஃபார்ம் டூ’. அங்கே பேச்சு எதை விடுவது என்பதல்ல, எங்கே போய் ஏறுவது என்பது.

அடுத்த வம்பு நம் ‘கு’ உருபால் வருவது. ‘சேலத்துக்கு’ என்பதற்கு ‘டு’ போடுவதா ‘ஃபார்’ போடுவதா? லீவுக்கு ஃபார்தான்: ‘ஷீ லெஃப்ட் ஃபார் சேலம்’. ‘லீவ் டு’ என்பது உயில் எழுதுகிறவர் பேச்சு. நிலத்தைத் தம்பிக்கு விட்டுப்போனார் என்பதற்கு ‘ஹி லெஃப்ட் த லேண்ட் டு ஹிஸ் பிரதர்’. ஃபாரை விட்டுவிட்டாலோ இன்னும் மோசம். ‘லெஃப்ட் ஃபார் சேலம்’ என்றால் ஆள் சேலத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறார். ‘லெஃப்ட் சேலம்’ என்றால் சேலத்தை விட்டுப் போய்விட்டார். சேலம் பஸ் நிலையத்தில் காத்திருக்கிறவருக்கு இப்படி ஒரு குறுஞ்செய்தி வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

‘விடு’ என்று பிடித்துக்கொண்டால் மற்றவையும் வரிசையில் வந்து நிற்கும். ‘லெஃப்ட் த ஹவுஸ் அட் எய்ட்’ என்றால் காலை எட்டு மணிக்கு வீட்டிலிருந்து வெளியே வந்தார். ‘லெஃப்ட் ஹோம் அட் எய்ட்டீன்’ என்றால் பதினெட்டு வயதில் பெற்றோர் வீட்டை விட்டுத் தனியே போனார். ‘ஹி லெஃப்ட் ஹிஸ் வைஃப்’ என்று எழுதிப் புள்ளி வைத்தால் குடும்பம் பிரிந்துவிட்டது. பின்னால் ‘அட் த பஸ் ஸ்டாண்ட்’ சேர்த்தால் கொண்டுபோய் விட்டார் என்று கொள்ளலாம். அந்த இடத்தில் ‘டிராப்ட்’ என்று எழுதுவதே பாதுகாப்பு. தொப்பூர் கணவாய் விபத்துச் செய்தியில் ‘த லாரி லெஃப்ட் த ரோடு’ என்று வந்தால் லாரி கிளம்பிவிட்டது என்று படிக்கக் கூடாது. சாலையை விட்டு இறங்கிவிட்டது. நம் பேச்சிலும் அதே ‘விட்டு’தான்.

விடுமுறை என்ற பொருளில் வரும் லீவ் வேறு பிறப்பு. அது ‘அனுமதி’ என்னும் பழைய பெயர்ச்சொல். வினையோடு உறவில்லை, உருவம்தான் ஒன்று. தமிழிலோ விடுப்பு, விடை இரண்டும் ‘விடு’வின் பிள்ளைகள், ‘டேக் லீவ்’ என்பதற்கு ‘விடைபெறு’ கச்சிதமாகப் பொருந்துகிறது. பெயர்ச்சொல் என்பதால் ‘ஐ ஆம் லீவ் டுடே’ என்பது தவறு, ‘ஆன் லீவ்’ என்றிருக்க வேண்டும்.

போனில் நாம் சொல்லும் ‘கெளம்பிட்டேன்’ இருக்கிறதே, அதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் இல்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாலும் கெளம்பிட்டேன்தான், பாலக்கோடு தாண்டியிருந்தாலும் கெளம்பிட்டேன்தான். ‘ஐ ஹேவ் ஸ்டார்ட்டட்’ என்று நம்மூரில் சொன்னால் புரியும். லண்டன்காரரிடம் சொன்னால், எதை ஆரம்பித்தீர்கள் என்று கேட்பார். செருப்புக் கட்டத்துக்கு ‘ஐ ஆம் ஜஸ்ட் லீவிங்’, வண்டி ஏறிவிட்டால் ‘ஐ ஹேவ் லெஃப்ட்’ அல்லது ‘செட் ஆஃப்’. கால அட்டவணைப்படி நடப்பதற்குச் சாதாரண நிகழ்காலம் போதும்: ‘த டிரெய்ன் லீவ்ஸ் அட் சிக்ஸ்’.

டிபார்ட் ரயில், விமான அறிவிப்புக்கு உரியது. இதற்குத்தான் ஃப்ரம் வேண்டும். வீட்டில் ‘ஐ ஆம் டிபார்ட்டிங்’ என்றால் சிரிப்பார்கள். எக்ஸிட் லத்தீனில் ‘அவர் வெளியே போகிறார்’ என்ற முழு வாக்கியம். நாடக ஏட்டுக் குறிப்பாக வந்து, இன்று கதவுப் பலகையிலும் கணினித் திரையிலும் நிற்கிறது.

குவிட் என்பது கணக்கு முடித்து விடுவது. ‘குவயட்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் ஒரே லத்தீன் வேர். கடன் தீர்ந்தால் வருகிற அமைதி அது. 1942 ஆகஸ்டில் ‘குவிட் இந்தியா’ என்றார்களே, அதில் ‘போய் வாருங்கள்’ என்ற மரியாதை இல்லை. வேலை, புகைப்பழக்கம் போன்றவற்றுக்கு இது சரி. இறந்தகாலத்திலும் குவிட்தான்.

வெக்கேட் என்பது அச்சாக நம் ‘காலி செய்’. வாடகை வீடு, லாட்ஜ் அறை என்று கையில் இருக்கும் இடத்தைக் குடியிருப்பவரே ஒப்படைப்பது. ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடி, கரையோரத்தில் இருப்பவர்களை அதிகாரிகள் அப்புறப்படுத்தினால் அது ‘எவாக்குவேட்’. செய்திக் குறிப்பு எழுதுகிறவர்கள் இரண்டையும் அடிக்கடி குழப்புகிறார்கள்.

அபேண்டன் என்றால் கைவிடு. தண்ணீர் வராமல் மூடாது கிடக்கும் ஆழ்துளைக் கிணறு ‘அபேண்டண்ட் போர்வெல்’; அதை ‘லெஃப்ட் போர்வெல்’ என்று எழுத முடியுமா? டெசர்ட் இன்னும் கடுமை, கடமையைப் போட்டுவிட்டு ஓடுவது. இந்த வினையில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். முதல் அசையில் அழுத்தினால் பாலைவனம் ஆகிவிடும்.

உங்கள் பட்டியலில் இல்லாத சிலவும் தினமும் இடறுகின்றன. பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’ என்பது நம் நாட்டு வழக்கு. வெளியே ‘கெட் ஆஃப்’. எழுந்து நின்று நடக்க இடமுள்ள பஸ், ரயில், விமானத்துக்கும், மேலே ஏறி உட்காரும் பைக்குக்கும் ஆஃப். காருக்கும் ஆட்டோவுக்கும் ‘அவுட் ஆஃப்’. கல்லூரி முடித்ததை ‘பாஸ்ட் அவுட்’ என்று எழுதினால் வெளிநாட்டு நிறுவனத்தார் மயங்கி விழுந்ததாகப் படிப்பார்கள், ‘கிராஜுவேட்டட்’ போதும். இரங்கல் செய்தியில் ‘எக்ஸ்பயர்ட்’ வேண்டாம், அது மருந்துக்கும் லைசென்ஸுக்கும். மனிதருக்கு ‘பாஸ்ட் அவே’.

கடைசியாக ராஜினாமா கடிதம். அதில் குவிட் எழுதக் கூடாது, பேச்சோடு சரி. ‘ஐ ரிசைன் ஃப்ரம் த போஸ்ட் ஆஃப்’ என்று தொடங்கி, பதவியையும் ‘மை லாஸ்ட் வொர்க்கிங் டே’ எது என்பதையும் தேதியோடு எழுத வேண்டும். ‘ரிலீவ் மீ ஃப்ரம்’ என்பது பலர் செய்யும் பிழை, ‘ரிலீவ் மீ ஆஃப் மை டியூட்டீஸ்’ என்பதே சரி. ரிசைன் என்ற சொல்லின் நடுவில் சிறுகோடு எதுவும் விழாமல் பார்க்க வேண்டும். கோடு போட்டால் ‘ரீ-சைன்’, அதாவது ஒப்பந்தத்தில் மறுபடி கையெழுத்துப் போடுவது. வேலையை விடுகிறேன் என்று எழுத வந்தவர் தொடர்கிறேன் என்று எழுதியதாக ஆகிவிடும்.

அந்தப் பட்டியலை மறுபடி அச்சிடும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பொருளோடு ஒரு வாக்கியமும், ஃப்ரம் வருமா வராதா என்ற குறிப்பும் சேர்த்துத் தரக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.