செயலாளர் ஆண்டறிக்கை: கண்ணால் பார்த்து வரைந்த ஆண்டு

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஓவிய ஆசிரியர்களே, பெற்றோர்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

மதுரைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தரும் நம் அமைப்பின் செயற்குழு இந்த ஆண்டு மாதந்தோறும் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே பிள்ளைகள் என்ன வரைந்தார்கள் என்பதற்கு நேரே வந்துவிடுகிறேன்.

ஆண்டுதோறும் நடத்தும் ஓவியப் போட்டியை இம்முறை நிறுத்தி வைத்தோம். இதில் உறுப்பினர்கள் சிலருக்கு வருத்தம் உண்டு. காரணத்தை இங்கே சொல்வது என் கடமை. போட்டி என்று தாளைக் கொடுத்தால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, வளைந்து ஓடும் ஆறு. ஒன்றாம் வகுப்பில் போட்ட அதே காட்சியைப் பத்தாம் வகுப்பிலும் போடுகிறார்கள். ஒத்தக்கடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பிள்ளைகூட மலை என்றதும் முக்கோணம்தான் போடுகிறது. ஜன்னலுக்கு வெளியே யானைமலை நீட்டிப் படுத்திருக்கிறது. அதில் முக்கோணம் எங்கே இருக்கிறது? இன்னும் சிலர் செல்போனில் ஒரு நடிகர் படத்தை எடுத்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கிக் கொண்டுவருகிறார்கள். கைக்கு அது நல்ல பயிற்சிதான். ஆனால் பார்க்கும் வேலையைக் கேமரா ஏற்கெனவே முடித்துவிட்டது.

அதனால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குச் சனிக்கிழமை மதியங்களில் ஒரே நிபந்தனையோடு வகுப்பு வைத்தோம். எதிரில் இருப்பதைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். ஒரு வேலையை ஒரே நாளில் முடிக்கக் கூடாது, வாரக்கணக்கில் செய்யலாம்.

முதல் வேலை கைகள். வீட்டில் யாராவது வேலை செய்யும்போது அவர்கள் கையை, தாளைக் குனிந்து பார்க்காமலேயே, பென்சிலை எடுக்காமல் ஒரே கோட்டில் வரைந்து வரச் சொன்னோம். விரலின் ஓரத்தில் கண் எவ்வளவு மெதுவாக ஊர்கிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் பென்சிலும் ஊர வேண்டும். முதல் வாரம் வந்தவை எல்லாம் கோணல்மாணலாக இருந்தன. விரல் ஓரிடத்தில், நகம் வேறிடத்தில். பிள்ளைகளுக்கு வெட்கம், தாளை மறைத்துக்கொண்டார்கள். அவற்றைத்தான் முதலில் சுவரில் ஒட்டினோம். அந்தக் கோடுகளில் தயக்கம் இருந்தது, கவனம் இருந்தது. மனப்பாடமாகப் போட்ட வளைவு ஒன்றுகூட இல்லை.

நான்காவது வாரம் ஒரு மாணவன் தன் அப்பத்தா மல்லிகை கட்டும் கையைக் கொண்டுவந்தான். நாம் மதுரையில் பூக்கட்டும் கையைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆனாலும் நார் எந்த விரலைச் சுற்றி எந்த விரலுக்கு அடியில் போகிறது என்று கேட்டால் எத்தனை பேரால் சொல்ல முடியும்? அவன் படத்தில் அது தெரிந்தது. "ஏய்யா, இந்தச் சுருக்கம் விழுந்த கையைப் போயா வரையிற?" என்று அப்பத்தா கேட்டார்களாம். அந்தச் சுருக்கங்கள் ஒவ்வொன்றையும் அவன் விடாமல் பிடித்திருந்தான். இந்த ஆண்டு வந்த வேலைகளிலேயே என் மனதுக்கு நெருக்கமானது அதுதான்.

அடுத்து திருமலை நாயக்கர் மகால். 1636-இல் கட்டியது, நம் ஊர்ப் பிள்ளைகள் சுற்றுலாவாக ஏழெட்டு முறையாவது போயிருப்பார்கள். அங்கே தூணை வரையாதீர்கள், தூணுக்கும் தூணுக்கும் நடுவே தெரியும் வெற்றிடத்தை மட்டும் வரையுங்கள் என்றோம். "சார், ஒண்ணுமே இல்லாத இடத்தை எப்படி சார் வரையிறது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். பழைய காலண்டர் அட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி, அதன் வழியே ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னோம். மேலே வளைவுகளின் மடிப்பு, இருபக்கமும் தூணின் விளிம்பு, நடுவில் ஒரு துண்டு வானம். அந்த வானத்துக்கு ஒரு வடிவம் இருக்கிறது! அதைக் கறுப்பாக நிரப்பியதும் வரையாத தூண்கள் இரண்டும் தாளில் தாமாக எழுந்து நின்றன. தூண் இப்படித்தான் இருக்கும் என்று மனதில் ஒரு படம் இருக்கிறது. வெற்றிடத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால் கண் உள்ளதை உள்ளபடி பார்த்தாக வேண்டியிருக்கிறது.

தூரக்காட்சியையும் அங்கேயே சொல்லிக்கொடுத்தோம். தூண் வரிசையின் மேல்கோடும் கீழ்கோடும் கண்மட்டத்தில் ஒரு புள்ளியை நோக்கிப் போவதை அளவுகோலை நீட்டிப் பார்த்தார்கள். தரையில் உட்கார்ந்தால் கண்மட்டமும் கூடவே இறங்குகிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட மகால் தரையில் உட்கார்ந்து படிப்பது எளிது. வேறோர் இடத்தில் எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்காமல் போய், பிள்ளைகளோடு வாசலிலேயே திரும்ப நேர்ந்தது. அது நிர்வாகத்தின் தவறு. இனி அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் எங்கும் அழைத்துப் போவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம்.

அப்புறம் கரி. கடையில் வாங்கும் கரிக்குச்சி எல்லோருக்கும் கட்டுப்படியாகாது, நாமே செய்தோம். ஒல்லியான காய்ந்த குச்சிகளை ஒரு தகர டப்பாவில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு சிறு ஓட்டை போட்டு, நெருப்பில் வைக்க வேண்டும். ஓட்டை வழியே புகை வருவது நின்றால் வெந்துவிட்டது என்று அர்த்தம். நன்றாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்த ஒரு டப்பாவில் காற்றுப் பட்டதும் குச்சிகள் கனன்று சாம்பலாகிவிட்டன. இந்தப் பாடம் கீழடி போனபோது உதவியது. 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில் கறுப்பு சிவப்புப் பானைகளைப் பார்த்ததும், காற்றுப்படாத பக்கம் கறுத்திருக்கிறது, காற்றுப்பட்ட பக்கம் சிவந்திருக்கிறது என்று சொன்னபோது பிள்ளைகள் டப்பாவை நினைத்துக்கொண்டார்கள். தொல்லியலில் பானையை வரைவது போல ஒரு பாதி வெளித்தோற்றம், மறுபாதி வெட்டுமுகம் என்று வீட்டுக் குடத்தையும் சட்டியையும் வரைந்தார்கள்.

அந்தக் கரியைத் தாள் முழுக்கத் தேய்த்து இருட்டாக்கி, ரப்பரால் வெளிச்சத்தை மட்டும் எடுக்கும் வேலையும் நடந்தது. அதற்கு முன் சுங்குடிச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினோம். துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கினால், கட்டிய இடத்தில் சாயம் ஏறுவதில்லை. அதுதான் அந்த வெள்ளைப் புள்ளி. சௌராஷ்டிர மக்களின் கைவேலையாக நம் ஊரில் இருந்துவரும் இந்தக் கலையைப் பார்த்த பிறகு, வெள்ளையை மிச்சம் வைப்பது என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

எவர்சில்வர் சொம்பில் தெரியும் தன் முகத்தை வரைவது, காளை வளர்ப்பவர் வீட்டுத் தொழுவத்தில் நிற்கும் காளையை முப்பது முப்பது நொடியில் கிறுக்குவது ஆகியவையும் நடந்தன. காளை அசையாமல் நிற்காது என்பதால் பிள்ளைகள் திமிலையும் கழுத்தையும் ஒரே வீச்சில் பிடிக்கக் கற்றார்கள்.

மதுரையில் பிறந்து, இந்த ஊரைப் பேனா மையின் நுண்ணிய கோடுகளில் வரைந்த மனோகர் தேவதாஸ் அவர்களை ஒரு வகுப்பில் நினைவுகூர்ந்தோம். விழித்திரை நோயால் பார்வை குறைந்துகொண்டே வந்த ஆண்டுகளிலும் அவர் வரைந்தார். 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2022-இல் மறைந்தார். அவர் வரைந்த தெருக்களில்தான் நாம் நடக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பெற்றோர் சிலர் பரீட்சையைக் காரணம் காட்டிப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். அந்தக் கவலை புரிகிறது. நம் பிள்ளைகள் படிக்கும் சில பள்ளிகளில் ஓவிய ஆசிரியரே இல்லை, அவர்களுக்கு வாரத்தில் இந்த இரண்டு மணி நேரம்தான் ஓவிய வகுப்பு. தேர்வு மாதங்களில் ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்கிறோம், தயவுசெய்து அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

வரும் ஆண்டில் சமணமலையின் பாறைச் சிற்பங்களையும் வைகைக் கரையையும் வரைய எண்ணம். ஏ3 அளவுத் தாளும் 2பி, 6பி பென்சில்களும் தேவைப்படுகின்றன, தர விரும்புவோர் பொருளாளரிடம் சொல்லலாம். போட்டியை மீண்டும் நடத்துவதா என்பதை இன்று பொதுக்குழு பேசி முடிவு செய்யட்டும். நடத்துவதானால், எதிரில் ஒரு பொருளை வைத்துத்தான் நடத்த வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பிள்ளைகளின் படங்கள் பக்கத்து அறையில் ஒட்டப்பட்டுள்ளன. முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் எழுதவில்லை. கூட்டம் முடிந்ததும் பார்த்துவிட்டுப் போங்கள். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்