பலூனை ஏத்துறது பிறகு, எங்க இறக்கிறது எண்டு முதல்ல சொல்லுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளா வெளிநாட்டால வந்து நிக்கிற சொந்தக்காரர், ஹோட்டல் வச்சிருக்கிற ஆக்கள், பேஸ்புக்கில எழுதிற பொடியள் எண்டு கனபேர் ஒரு கதை கதைக்கினம், தம்புள்ளையில விடுற மாதிரி யாழ்ப்பாணத்திலயும் ஆக்களை ஏத்திப் பறக்கிற சூடான காத்துப் பலூன் விட்டால் என்ன, ரூரிஸ்ட் வருவினம், எங்கட பொடியளுக்கு நாலு வேலை வரும் எண்டு. எனக்கும் விருப்பம்தான். சின்ன வயசில இருந்தே மேல போற சாமான் எதைக் கண்டாலும் அண்ணாந்து பாத்துக்கொண்டு நிக்கிற ஆள் நான். வேண்டாம் எண்டு சொல்ல இதை எழுதேல்லை. ஏத்துறதைப் பற்றி எல்லாரும் கதைக்கினம், இறக்கிறதைப் பற்றி ஒருத்தரும் வாயே திறக்கேல்லை, அதுக்காகத்தான் எழுதிறன்.

வடமராட்சி ஆக்களுக்குப் பலூன் ஒண்டும் புதுசில்லை ஐயா. வல்வெட்டித்துறை இந்திர விழாவில புகைக்குண்டு, அதுதான் கடதாசிப் பலூன், ஏத்துறதைப் பாத்து வளந்த ஆக்கள் நாங்கள். என்ர அப்பாவும் அவற்ற கூட்டாளிமாரும் வீட்டு விறாந்தையில இருந்து ரிசு பேப்பரை வெட்டி வெட்டி, கோதுமை மாப் பசையால ஒண்டோட ஒண்டு ஒட்டி, ரெண்டாள் உயரத்துக்கு ஒரு குண்டு செய்வினம், கீழ் வாய்க்கு மூங்கில் சலாகையில வளையம், வளையத்துக்குக் குறுக்கால கம்பி, கம்பியில மண்ணெண்ணெயில ஊறின சாக்குத்துண்டு. ஏத்திற அண்டைக்கு நிலத்தில கிடங்கு வெட்டி, பன்னாடையும் காவோலையும் போட்டுக் கொளுத்தி, அந்தப் புகைக்கு மேல வாயைப் பிடிப்பினம், ஒராள் கொக்கத்தடியால உச்சியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், தாள் கொஞ்சம் கொஞ்சமா ஊதிச் சரசரக்கும். சுத்தி நிக்கிற பொடியள் "விடுங்கோ விடுங்கோ" எண்டு கத்துவாங்கள். அப்பா விடமாட்டார். வளையத்தில ரெண்டு விரலை வச்சுக்கொண்டு நிப்பார். "பொறு, இன்னும் இழுக்கேல்லை" எண்டுவார். அந்த விரலை அது மேல இழுக்கத் துவங்கினாப் பிறகுதான் கையை எடுப்பார்.

ஒரு வருசம் காத்துத் திரும்பிட்டுது. கடல் பக்கம் போக வேண்டிய குண்டு ஊர்ப் பக்கம் போய், நாலு ஒழுங்கை தள்ளி ஒரு வீட்டு மாட்டுக் கொட்டிலுக்கு மேல விழுந்து கூரை பத்திப்போச்சு. நல்லகாலம், மாட்டை அவிட்டு விட்டிட்டினம். அடுத்த நாள் விடிய அப்பா கிடுகு வாங்கி வண்டிலில ஏத்திக்கொண்டு போய், "வேண்டாம் அண்ணை, பரவாயில்லை" எண்டு அந்த வீட்டுக்காரர் சொல்லச் சொல்லக் கேக்காமல், தானே நிண்டு மேஞ்சு குடுத்தார். நானும் கிடுகு எடுத்துக் குடுத்தனான், அப்ப எனக்குப் பத்து வயசு இருக்கும். "ஏத்தினது நானெல்லோ" எண்டு அண்டைக்கு முழுக்க அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னவர்.

ஆக்களை ஏத்திற பலூனும் இதே விசயம்தான். சூடான காத்துக்குப் பாரம் குறைவு. எங்கட 30 பாகைச் சூட்டில ஒரு கன மீற்றர் காத்து ஏறக்குறைய 1.16 கிலோ, அதை 100 பாகைக்குச் சூடாக்கினால் 0.95 கிலோதான், அந்த இருநூறு கிராம் வித்தியாசம்தான் எல்லாத்தையும் தூக்கிறது. 2,800 கன மீற்றர் பலூன் ஒண்டு இங்க 600 கிலோ அளவு தூக்கும், அதில துணி, பிரம்புக் கூடை, காஸ் சிலிண்டர், பைலற் எல்லாத்தையும் கழிச்சு மிச்சம் இருக்கிறதுக்குத்தான் ஆக்களை ஏத்தலாம். அதே பலூன் 15 பாகைக் குளிரில 780 கிலோ அளவு தூக்கும். ஐரோப்பாவில இத்தினை பேரை ஏத்தினது எண்டு சொல்லி ஒரு பழைய பலூனைக் கொண்டுவந்து இங்கயும் அத்தினை பேரை ஏத்த ஏலாது, இதை ஹோட்டல்காரர் கட்டாயம் தெரிஞ்சிருக்க வேணும்.

1783 நவம்பர் 21ஆம் திகதி பாரிஸில முதன்முதல் ரெண்டு பேர் கயித்தால கட்டாமல் பறந்தவை, மொங்கோல்பியே சகோதரர் செய்த பலூன். அதுக்கு ரெண்டு மாசம் முதல் ஒரு செம்மறி, ஒரு தாரா, ஒரு சேவலை ஏத்திப் பாத்திட்டுத்தான் மனுசரை விட்டவை. அந்த ரெண்டு பேரும் வைக்கோலை எரிச்சுக்கொண்டே 25 நிமிசம் போனவை, துணியில நெருப்புப் பிடிச்ச இடங்களை ஈரப் பஞ்சால ஒத்தி அணைச்சுக்கொண்டு. இப்ப இருக்கிற காஸ் பர்னர், நைலோன் துணிப் பலூன் வந்தது 1960இல அமெரிக்காவில. ஆனால் அண்டைக்கும் இண்டைக்கும் ஒண்டு மாறேல்லை, பலூனுக்குச் சுக்கானும் இல்லை பிரேக்கும் இல்லை. மேல போகலாம், கீழ வரலாம், அவ்வளவுதான். உயரத்துக்கு உயரம் காத்து வேற வேற பக்கம் அடிக்கும், கெட்டிக்காரப் பைலற் ஏறி இறங்கித் தனக்குத் தேவையான காத்தைத் தேடிப் பிடிப்பார், ஆனால் இல்லாத காத்தை அவராலயும் உண்டாக்க ஏலாது.

நான் ஒருக்கால் பறந்திருக்கிறன். கனடாவில இருந்து அக்கா வந்து நிக்கேக்க, ஒரு ஜனவரி மாசம், தம்புள்ளைக்குக் கிட்ட கண்டலமைக் குளத்துப் பக்கம். முதல் நாள் விடிய நாலரைக்கு எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் நிப்பாட்டிப்போட்டு, மேல காத்து எப்பிடி எண்டு பாக்கப் பைலற் ஒரு சின்னப் பலூனில லைற்றைக் கட்டி இருட்டுக்குள்ள மேல விட்டார், அது நேர போய் ஒரு உயரத்தில சடாரெண்டு ஒரு பக்கம் இழுபட்டுப் போச்சு, அவர் அதையே பாத்துக்கொண்டு நிண்டிட்டு இண்டைக்கு இல்லை எண்டிட்டார். எங்களோட வந்த சிலர் சரியாச் சண்டை பிடிச்சவை, காசு கட்டி இவ்வளவு தூரம் வந்தது, மழையும் இல்லை, காத்தும் இல்லை, ஏன் ஏலாது எண்டு. அந்த மனுசன் ஒரு சொல்லும் கோவமாச் சொல்லேல்லை, முடிவையும் மாத்தேல்லை. எனக்கு அப்பாவின்ர ரெண்டு விரலும்தான் ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் ஏறினம். நிலத்தை விட்டது தெரியவே இல்லை ஐயா, நிலம்தான் எங்களை விட்டிட்டுப் போற மாதிரி இருந்தது. பர்னரை இழுக்கேக்க உச்சந்தலை சுடும், நிப்பாட்டினால் ஒரு சத்தமும் இல்லை, கீழ ஆரோ வீட்டு முத்தம் கூட்டிற ஈர்க்கில் சத்தம்கூட கேட்டது. காத்தோட சேந்து போறதால காத்தே அடிக்காது. குளத்தில எங்கட பலூனின்ர நிழல், தூரத்தில சீகிரியாப் பாறை. அக்கா கண்ணால தண்ணி வர நிண்டவ.

இறங்கேக்கதான் பிரச்சினை. ஏற முதல் ஒரு பொடியன் எப்பிடி இருக்க வேணும் எண்டு சொன்னவன்தான், முழங்காலை மடக்கு, போற பக்கத்துக்கு முதுகைக் குடு, கூடைக்குள்ள இருக்கிற கயித்துப் பிடியைப் பிடி, கையை வெளியில விடாதை, சொல்லுமட்டும் இறங்காதை. எல்லாம் இங்கிலீசிலயும் சிங்களத்திலயும் ஒரு நிமிசத்துக்குள்ள. அக்கா முப்பது வருசம் கனடாவில இருந்தும் வீட்டோட இருந்தவ, அந்த வேகத்துக்கு அவவுக்கு ஒண்டும் விளங்கேல்லை. "தம்பி, அந்தாள் என்ன சொன்னது?" எண்டு என்னைக் கேட்டவ, நான் "பிறகு சொல்லுறன்" எண்டு படம் எடுத்துக்கொண்டு நிண்டன். அது என்ர பிழை, இண்டைக்கும் மனசில கிடக்குது. வயலில கூடை ஒருக்கால் குத்தி, எழும்பி, திருப்பிக் குத்தி அப்பிடியே பக்கவாட்டில சரிஞ்சு கொஞ்சத் தூரம் இழுபட்டுது. அக்கா விழாமல் இருக்க எண்டு கூடையின்ர வெளி விளிம்பைப் பிடிச்சிட்டா. மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு. ஆறு கிழமை மாவுக்கட்டோட இருந்தவ. கொம்பனியின்ர பேரை எழுதேல்லை, பைலற்றில ஒரு குறையும் இல்லை, தமிழில ஒரு நிமிசம் சொல்ல ஒராள் இருந்திருந்தால் காணும்.

அதுக்குப் பிறகுதான் நான் இதைப் பற்றித் தேடித் தேடி வாசிச்சது. பெரிய விபத்துகளைப் பாருங்கோ. 2012 ஜனவரியில நியூசிலாந்து கார்ட்டர்ட்டனில இறங்கப் போகேக்க கரண்ட் வயரில பட்டு 11 பேர் செத்தவை. 2013 பெப்ரவரியில எகிப்து லக்சோரில இறங்கிற நேரம் நெருப்புப் பிடிச்சு 19 பேர். 2016 ஜூலையில அமெரிக்கா ரெக்சாஸில, முகில் மூடின காலமை, இறங்கேக்க திரும்பவும் கரண்ட் வயர், 16 பேர். மூண்டும் இறங்கிற நேரம்.

இப்ப எங்கட நிலத்தை நினைச்சுப் பாருங்கோ. யாழ்ப்பாண டவுனில இருந்து காங்கேசன்துறைக் கடல் நேர்கோட்டில 20 கிலோமீட்டர் கூட வராது. மணிக்கு 15 கிலோமீட்டர் காத்து எண்டால் அது பலூனுக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடின தூரம். வடக்கால கடல், தெற்கால கடல்நீரேரி, மேற்கால தீவுகள். மிச்ச இடம் முழுக்க வேலி, பனை, கிணறு, ஒழுங்கைக்கு ஒழுங்கை கரண்ட் வயர். பலாலியில விமான நிலையம், அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனால் என்ன செய்யிறது. தென்கிழக்கால போனால் முகமாலை, மிதிவெடி எடுக்கிற வேலை எத்தினை வருசமா நடந்த இடம் எண்டு எல்லாருக்கும் தெரியும், அங்க காத்து எங்க தள்ளுதோ அங்க இறங்கிறது எண்டு ஒரு பைலற்றாலயும் சொல்ல ஏலாது. கண்டலமையில நாலு பக்கமும் வயலும் காடும் இருக்கு, பின்னால ஜீப்பில துரத்திக்கொண்டு வாற ஆக்களும் வந்து சேருவினம். இங்க நீரேரிக்கு நடுவில விழுந்தால் ஜீப் எங்கால வாறது?

இன்னொண்டும் கேள்விப்பட்டன், தைப்பொங்கல் அண்டு வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவோட சேத்துப் பலூனும் விடலாமாம், பொள்ளாச்சியிலயும் பொங்கலுக்குத்தானே விடுகினம் எண்டு. இது சரியான ஆபத்தான யோசனை. பட்டத்துக்கு நல்ல காத்து வேணும், பலூனுக்குக் காத்து மெல்லிசா இருக்க வேணும். பட்டத்தில கட்டிற விண் கூவுற அளவுக்கு வாடைக் காத்து அடிக்கிற நாளில பலூனை நிமித்தவே ஏலாது. அதோட வானம் முழுக்க நைலோன் கயிறு. பொள்ளாச்சி கடலுக்கு எவ்வளவு தூரம் உள்ளுக்க இருக்கிற ஊர், அங்க இருந்து 2025 ஜனவரியில கிளம்பின ஒரு பலூனே கேரளாவுக்குள்ள போய்ப் பாலக்காட்டுப் பக்கம் வயலில இறங்கினது. இங்க அப்பிடித் தள்ளினால் வயல் இல்லை, கடல். 2021 டிசம்பரில பருத்தித்துறைப் பக்கம் பட்டக் கயித்தை விடாமல் பிடிச்ச பொடியன் ஒராள் மேல இழுபட்டு அந்தரத்தில தொங்கின வீடியோவை உலகமே பாத்தது, கடவுளே எண்டு உயிர் தப்பினான். பலூனைக் கீழ நிண்டு பிடிக்கிற ஆக்களுக்கும் முதல் பாடம் அதுதான், கால் நிலத்தை விட்டு எழும்ப முதல் கயித்தை விட வேணும். எங்கட பொடியளுக்கு இந்த வேலை வந்தால் இதைத்தான் முதல்ல பழக்க வேணும்.

என்ர கருத்து என்னெண்டால், குடாநாட்டுக்குள்ள பறக்க விடாமல் கட்டித்தான் ஏத்த வேணும். முற்றவெளி மாதிரி ஒரு வெளியில மூண்டு பக்கம் வாகனத்தில கயித்தைக் கட்டி, நூறடிக்குள்ள ஏத்தி இறக்கலாம், கோட்டையும் கடலும் வடிவாத் தெரியும், சனத்துக்கும் குறைஞ்ச காசில முடியும். கட்டின பலூனைக் காத்து போட்டு அடிக்கும் எண்டதால அதுக்கு இன்னும் அமைதியான காலமை வேணும், பங்குனி சித்திரையில சோளகம் துவங்க முதல் அப்பிடி நாள் கிடைக்கும். பறக்கத்தான் வேணும் எண்டால் காலபோகம் வெட்டினாப் பிறகு கிளிநொச்சி, பரந்தன் வயல்வெளிப் பக்கம் யோசிக்கலாம், ஆனால் ஆரின்ர வயலில இறங்கிறமோ அந்தக் கமக்காரரோட முதலே கதைச்சு, வரம்பு உடைஞ்சால் என்ன குடுக்கிறது எண்டு எழுதி வைக்க வேணும்.

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின்ர அனுமதி எப்பிடியும் எடுக்கத்தான் வேணும். அதுக்கு மேல நான் கேக்கிறது ரெண்டு. பைலற் இண்டைக்கு இல்லை எண்டால் ரிக்கெற் காசு முழுக்க அண்டைக்கே திருப்பிக் குடுக்க வேணும், அப்பத்தான் ஒருத்தரும் அவரோட சண்டைக்குப் போகாயினம், அவருக்கும் நெருக்குதல் இருக்காது. மற்றது, இறங்கேக்க எப்பிடி இருக்க வேணும் எண்டதைத் தமிழில ஆறுதலாச் சொல்லி, ஒவ்வொருத்தரையும் நிலத்தில நிக்கிற கூடைக்குள்ள ஒருக்கால் இருத்திப் பாத்திட்டுத்தான் ஏத்த வேணும். அக்கா வாற வருசம் திரும்ப வாறா, யாழ்ப்பாணத்தில பலூன் வந்தால் தான் திரும்ப ஏறுவன் எண்டு போனில சொன்னவ.

இப்படிக்கு,
வடமராட்சி வாசகர் ஒருவர்