முடிவு தெரியாத நாடகங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழில் சென்னையின் மார்கழி இசை விழாவைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். கச்சேரிகளைப் பற்றியும், கச்சேரியைவிடக் கூடுதலாகச் சபா கேன்டீன்களின் அடை அவியலைப் பற்றியும் எழுதியிருந்த கட்டுரையாளர், அதே மேடைகளில் அதே நாட்களில் நடக்கும் நாடகங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பாட்டுக் கேட்பதற்காக வெளியூரிலிருந்து வருபவர்களைப் போல, நாடகம் பார்ப்பதற்கென்றே ரயிலேறி வருகிறவர்களும் இருக்கிறோம் என்பதை அறிவிக்கவும், எங்களுக்கு ஆண்டுதோறும் நேர்கிற ஒரு குறையைச் சபாக்களின் காதில் போடவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நாங்கள் கும்பகோணத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த தோழியர் நால்வர். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. எங்களில் மூத்தவரை நாங்கள் அனைவரும் அக்கா என்றே அழைக்கிறோம்; அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் திருவிடைமருதூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் சாகுபடி செய்கிறவர். நான்காமவர் இன்னும் வங்கிப் பணியில் இருப்பதால், அவருக்கு விடுமுறை கிடைக்கும் இரண்டாவது அல்லது நான்காவது சனிக்கிழமையைப் பார்த்துத்தான் எங்கள் பயணத்துக்கு நாள் குறிப்போம். வெள்ளி இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலையில் சென்னையில் இறங்குவோம். மேற்கு மாம்பலத்தில் அக்காவின் மகள் வீட்டில் தங்கி, சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்று இரண்டு நாடகம் பார்த்துவிட்டு, ஞாயிறு இரவே அதே வண்டியில் திரும்புவோம். திங்கட்கிழமை காலையில் ஒருவர் வங்கியில் இருந்தாக வேண்டும். மற்றொருவர் வயலில் இருந்தாக வேண்டும். டிசம்பர் கடைசியில் சம்பா பால் பிடித்து நிற்கும். அந்த நேரத்தில் ஒரு மழை பெய்து தண்ணீர் வடியாமல் நின்றால் என்ன ஆகும் என்பது டெல்டாவில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓர் ஆண்டு அப்படித்தான் வெள்ளிக்கிழமை மாலை மழை பிடித்துக்கொள்ள, அவருடைய படுக்கை சென்னை வரை காலியாகவே வந்தது.

பொழுதுபோக்குக்காக இத்தனை சிரமமா என்று வீட்டில் கேட்கத்தான் செய்கிறார்கள். சென்னை மேடைக்கு எழுதுகிறவர்களை அனுப்பி வைத்ததே எங்கள் பக்கம்தான் என்பது நான் சொல்லும் பதில். நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்து, முத்துப்பேட்டையில் ஆசிரியராக இருந்துவிட்டுச் சென்னைக்குப் போய், கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர் கே. பாலசந்தர். முற்றிலும் வேறொரு திசையில், தெருக்கூத்தை உள்வாங்கிக்கொண்டு 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமிக்கு ஊர் மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள புஞ்சை. ஊர் அனுப்பி வைத்ததைப் பார்க்க ஊர்க்காரர்கள் 300 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. போனவர்கள் கடைசிக் காட்சி வரை உட்கார முடியவில்லை என்பதுதான் என் புகார்.

போன ஆண்டு நடந்ததையே சொல்கிறேன். மயிலாப்பூர் பக்கம் ஒரு சபாவில் ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு நாடகம் என்று அறிவித்திருந்தார்கள். திரை விலகியபோது ஏழாகப் பத்து நிமிடம். கதை இதுதான்: இறந்துபோன தகப்பனார் பீரோவில் ஓர் உறையை ஒட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதைப் பதிமூன்றாம் நாள்தான் பிரிக்க வேண்டும் என்பது அவர் கட்டளை, அதற்குள் மூன்று பிள்ளைகளும் அவரவர் மனத்துக்குள் ஓர் உயிலை எழுதிக்கொண்டு விடுகிறார்கள். நடித்தவர்கள் எல்லாரும் பகலில் அலுவலகம் போகிற பகுதிநேரக் கலைஞர்கள்தாம் என்றாலும், நடு மகனாக நடித்தவர் பீரோ சாவியை வேட்டி மடிப்பில் செருகுவதும் எடுப்பதுமாக ஒரு வசனமும் இல்லாமல் ஐந்து நிமிடம் அரங்கத்தைக் கட்டிப் போட்டார். எட்டு மணிக்கு இடைவேளை. திரை மறுபடி விலகியபோது பீரோவுக்கு முன்னால் ஐந்து நாற்காலிகளும் ஒரு ஒலிவாங்கியும் இருந்தன. சிறப்பு விருந்தினர், புரவலர், சபாச் செயலர், அவர்களுக்கு ஒவ்வொருவராகப் பொன்னாடை, நினைவுப் பரிசு, பிறகு வாழ்த்துரை. சிறப்பு விருந்தினர் தம்முடைய இளமையில் பார்த்த நாடகங்களைப் பற்றி விரிவாகவே பேசினார். சுவையாகத்தான் பேசினார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், துக்க வீட்டுப் பீரோவின் மேல் சார்த்தி வைத்த பூச்செண்டைப் பார்த்த பிறகு, மீண்டும் அந்த வீட்டுக்குள் நுழைய எங்களுக்கு வெகு நேரம் பிடித்தது.

நாடகம் மறுபடி தொடங்கும்போது ஒன்பதாகப் பத்து நிமிடம் இருந்தது. ஒன்பது இருபதுக்கு, பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து மூத்த மகன் உறையைக் கையில் எடுத்த நேரத்தில், அக்கா என் முழங்கையைத் தொட்டார். இருக்கைக்குக் கீழே இருந்த பைகளை இழுத்துக்கொண்டு, வரிசையில் இருந்த பத்துப் பேரின் கால்களைத் தாண்டி, நால்வரும் வெளியேறினோம். விழாக் காலத்து ஞாயிறு இரவில் மயிலாப்பூரிலிருந்து எழும்பூர் ரயில் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தவர்களுக்கு, நாங்கள் ஏன் இன்னும் பத்து நிமிடம் இருந்து பார்க்கவில்லை என்ற கேள்வி எழாது. புறப்படும்போது, பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத அம்மையார் என் நிலையைப் பார்த்து இரங்கி, கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வண்டி செங்கல்பட்டைத் தாண்டிய பிறகு அழைத்தார். “உறைக்குள்ள ஒண்ணுமே இல்லம்மா, வெறும் உறை” என்றார். இதை மேடையில் எப்படிக் காட்டினார்கள், அந்த நடு மகன் அப்போது சாவியை என்ன செய்தார் என்பதெல்லாம் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்படி முடிவு பார்க்காத நாடகங்கள் என் கணக்கில் மூன்று இருக்கின்றன.

நாடகத்தின் நடுவே பாராட்டு விழா நடத்துவதற்குக் காரணம் இருக்கிறது என்பதை நான் அறியாதவள் அல்லள். சபாக்கள் உறுப்பினர் சந்தாவை மட்டும் நம்பி நாடகம் போட முடியாது; புரவலர் வேண்டும்; புரவலருக்கு மேடை வேண்டும். கூட்டத்தை நாடகம் முடிந்த பிறகு வைத்தால், விருந்தினர் காலி நாற்காலிகளைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கும். நியாயம்தான். அப்படியானால் தொடக்கத்திலேயே வைத்துவிடலாமே! ஆறு மணிக்குப் பாராட்டு, ஆறே முக்காலுக்கு நாடகம் என்று அழைப்பிதழிலேயே தனித்தனியாக அச்சிட்டுவிட்டால், விருந்தினரைக் கேட்க விரும்புகிறவர்கள் ஆறு மணிக்கு வருவார்கள். நான்கூட வருவேன். எங்கள் பக்கத்து மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் இரவு முழுவதும் நீள்கிறது. அங்கே நேரம் போவதைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் அந்த நேரம் முழுவதும் நாடகத்துக்கே போகிறது.

இதோடு தொடர்புடைய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரயில் முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். டிசம்பர் கடைசி வாரத்துக்கு அக்டோபர் கடைசியிலேயே பதிவு செய்ய வேண்டும். தவறினால் தட்கலுக்கு முந்தின நாள் காலையில் விரலைத் தேய்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சபாக்களின் கச்சேரிப் பட்டியல் நவம்பரிலாவது கைக்கு வந்துவிடுகிறது. நாடகத்துக்கோ, பல சமயம் அன்றைய நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியே கதி. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பதும் ஜனவரி 28இல் மூடுவதும் தன் தாத்தா காலத்திலிருந்து வழக்கம் என்றும், தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் தேதியாவது தெரியும் என்றும், ஆனால் சென்னையில் நான்காவது ஞாயிறு எந்த நாடகம் என்பதை இந்த நாட்டில் எவராலும் சொல்ல முடியவில்லை என்றும் எங்கள் சாகுபடித் தோழி அலுத்துக்கொள்வார். அக்டோபர் நடுவில், சனி ஞாயிறு நாடகங்களின் தேதி, தொடங்கும் நேரம், ஓடும் நேரம் ஆகிய மூன்றை மட்டும் சபாக்கள் அறிவித்தால் போதும். எந்த நாளில் எந்த அரங்கத்துக்குப் போனால் இரவு வண்டியைப் பிடிக்கலாம் என்பதை நாங்களே கணக்குப் போட்டுக்கொள்வோம். எழும்பூர் அருங்காட்சியக அரங்கில் ஞாயிறு நாடகம் என்றால், அதைவிட எங்களுக்கு வசதி வேறில்லை. 1896இல் கட்டிய அந்த அரங்கிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஆட்டோவில் ஐந்து பத்து நிமிடப் பயணம்தான்.

இந்த ஆண்டும் நான்காவது சனிக்கிழமையை உத்தேசித்து, போக வர நான்கு படுக்கைகள் பதிவு செய்துவிட்டோம். என்ன நாடகம் என்பது இதை எழுதும் இன்று வரை தெரியவில்லை. அந்த உறை நாடகத்தை மறுபடி எந்தச் சபாவாவது போடுவதாக இருந்தால், அதைச் சனிக்கிழமை போடுமாறு தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.