லிசே மைற்னர் யாருடைய உதவியாளரும் அல்லர்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் அறிவியற் பக்கத்தில் கருப்பிளவு (அணுவின் கரு இரண்டாகப் பிளத்தல்) பற்றி வெளியான கட்டுரை உயர்தர வகுப்பு மாணவருக்குப் பயன்படும் வகையில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஆயினும், லிசே மைற்னரை 'ஒட்டோ ஹானின் உதவியாளர்' என்று அது குறிப்பிட்டது தவறு. திருத்தப்பட வேண்டிய தவறு.

வியன்னாவில் 1878 இல் பிறந்து, அங்கேயே கலாநிதிப் பட்டம் பெற்று, 1907 இல் பேர்லின் சென்ற மைற்னர், பெண் என்ற காரணத்தால் இரசாயன நிறுவகத்தின் மேல்தளங்களுக்குள் அனுமதிக்கப்படாமல், நிலக்கீழ்த் தளத்தில் முன்னர் தச்சுப்பட்டறையாக இருந்த அறையிலேயே ஹானுடன் ஆய்வைத் தொடங்கினார். ஹான் இரசாயனவியலாளர், இவர் பௌதிகவியலாளர். ஒருவர் இல்லாமல் மற்றவரின் வேலை நகராது. பின்னர் தனியான பௌதிகவியற் பிரிவொன்றுக்குத் தலைமை தாங்கிய இவர், 1926 இல் பேர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியருமானார்.

1938 மார்ச்சில் ஒஸ்ரியா ஜேர்மனியுடன் இணைக்கப்பட்டதும், யூதக் குடும்பத்தில் பிறந்த அவரது கடவுச்சீட்டு செல்லாக் காகிதமாயிற்று. அந்த ஜூலையில், 59 வயதில், 10 மார்க் பணத்தோடும், அவசரத்துக்கு உதவட்டும் என்று ஹான் கொடுத்த வைர மோதிரத்தோடும் ஒல்லாந்து எல்லையைக் கடந்து, பின் ஸ்ரொக்ஹோமை அடைந்தார். 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நின்ற எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வகுப்பில் இந்த மோதிரத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் பேனையைக் கீழே வைத்துவிடுவார்கள்.

யுரேனியத்தை நியூத்திரன்களால் தாக்கியபோது அதைவிட மிக இலேசான மூலகமான பேரியம் தோன்றுவதாகப் பேர்லினிலிருந்து ஹான் கடிதம் எழுதினார்; காரணம் அவருக்கு விளங்கவில்லை. அந்த நத்தார் காலத்தில், சுவீடனின் பனிக்குள் விழுந்து கிடந்த மரமொன்றில் அமர்ந்து, மைற்னரும் அவருடைய சகோதரியின் மகன் ஒட்டோ ஃபிறிஷும் துண்டுக் காகிதங்களில் கணக்கிட்டார்கள். கரு இரண்டாகப் பிளந்தால், நேரேற்றம் கொண்ட துண்டுகள் ஒன்றையொன்று தள்ளி ஏறத்தாழ 200 மில்லியன் இலத்திரன் வோல்ற்று (அணுவளவில் சக்தியை அளக்கும் அலகு) சக்தியுடன் விலக வேண்டும். அந்தச் சக்தி எங்கிருந்து வரும்? கருத்திணிவுகளைக் கணிக்கும் முறையை நினைவிலிருந்தே எடுத்த மைற்னர், துண்டுகளின் மொத்தத் திணிவு புரோத்தனொன்றின் திணிவில் ஐந்திலொரு பங்களவு குறையும் எனக் கண்டார். குறையும் திணிவு எவ்வளவு சக்தியாகும் என்று கூறும் ஐன்ஸ்ரைனின் சமன்பாட்டில் இட்டபோது அதே 200 வந்தது. நாற்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் இக்கணக்கை எழுதிவந்த எனக்கு, அந்த இரண்டு விடைகளும் பொருந்தும் இடம் இன்னமும் பழசாகவில்லை.

1944 ஆம் ஆண்டுக்கான இரசாயனவியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. அணுகுண்டுத் திட்டத்தில் சேருமாறு வந்த அழைப்பை மறுத்த மைற்னர், முதுமையில் கேம்பிரிட்ஜுக்குச் சென்று, 1968 இல் அங்கேயே காலமானார். மூலகம் 109 அவருடைய பெயரையே தாங்குகிறது.

உயர்தர மாணவர் பலர் தங்கள் அறிவியற் பக்கத்தை வெட்டி ஒட்டி வைத்துப் படிக்கிறார்கள். ஆகையால், அடுத்த ஞாயிறு இதழிலேயே, அதே பக்கத்தில், திருத்தத்தை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைப் பௌதிகவியல் ஆசிரியர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.